ஹெட் இறக்கிய பிறகு வந்த டிக் டிக் சத்தம்

ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடிப்பாகமான பிளாக்குக்கும் நடுவில் வைக்கிற அடைப்புத் தகடு) மாற்றிவிட்டு வந்த என் பழைய ஆல்ட்டோ காரில் ஒரு சத்தம் கிளம்பியது. அந்தச் சத்தத்தைக் கடைசியில் நிறுத்த ஆன செலவு 900 ரூபாய். அதற்கு முன்னால் அதே சத்தத்தின் பெயரில் நான் கொடுத்தது 6,200 ரூபாய். நடுவில் ஒருவர், இன்ஜினையே இறக்கி வேலை பார்க்க வேண்டும் என்று 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கையில் கொடுத்தார். அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்த நாட்களில், 'இப்படி வந்தால் முதலில் இதைப் பார்' என்று சொல்ல ஒரு ஆள் இல்லாததுதான் பெரிய குறையாக இருந்தது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், ஸ்டெப்னி மாற்றத் தெரியும். அதற்கு மேல் பானட்டைத் திறந்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். இதைப் படிக்கிற பலருக்கும் அதே நிலைதான் இருக்கும் என்ற நம்பிக்கையில் முதலிலிருந்து எழுதுகிறேன்.

வண்டி 2011 மாடல். 796 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல். திருச்சியிலிருந்து மதுரைக்கு ஒரு துக்க வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். விராலிமலை தாண்டி, துவரங்குறிச்சி வருவதற்குள் ஏசி காற்று வெதுவெதுவென்று ஆனது. டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்தால் சிவப்பில் நிற்கிறது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் இருந்த கிளிப் விட்டுப்போய் கூலன்ட் மொத்தமும் ரோட்டில் கிடந்தது. கட்டி இழுத்துத் திருச்சிக்குக் கொண்டுவந்தோம். டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் வெளுத்து நுரையாக இருந்தது. தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது, ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டும் வளைந்திருக்கும், இறக்கி லேத்தில் கொடுத்து ஃபேசிங் போட (அடிப்பரப்பை மட்டமாகச் சீவ) வேண்டும் என்று பட்டறையில் சொன்னார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, உண்மையில் அப்படித்தான் ஆகியிருந்தது. ஃபேசிங், முழு கேஸ்கட் செட், டைமிங் பெல்ட், ஆயில், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய். வண்டி வந்த அன்று நன்றாகத்தான் ஓடியது. நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் பானட்டுக்குள்ளிருந்து டிக், டிக், டிக் என்று ஒரே சீரான சத்தம். தையல் மெஷின் மிதிப்பது போல இருந்தது. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் வேகமாகிறது, விட்டால் நிதானமாகிறது. வீட்டுக்காரி வாசலுக்கு வந்து, "ஏங்க, வண்டி சரி பண்ணிட்டு வந்தாச்சுன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நேராகப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். போகிற வழியில் சத்தம் குறைந்துகொண்டே வந்து, பட்டறை வாசலில் நிறுத்தும்போது காதைத் தீட்டினால்தான் கேட்கும் என்ற அளவுக்கு வந்துவிட்டது. மெக்கானிக் பானட்டைத் திறந்து, இரண்டு தடவை ரேஸ் செய்து, "எங்க சார் சத்தம்? புதுசா வேலை பார்த்த இன்ஜின், ஓட ஓட செட் ஆகிடும்" என்று மூடிவிட்டார். மறுநாள் காலையில் மறுபடியும் டிக் டிக். இப்படியே போனது. எனக்குத்தான் காதில் ஏதோ கோளாறு என்று நானே சந்தேகப்படும் அளவுக்கு ஆகிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சத்தம் எது என்பதைவிட, அது எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதுதான் பெரிய துப்பு. குளிர்ந்த இன்ஜினில் பலமாக வந்து, சூடானதும் குறைகிற சத்தம் ஒரு ஜாதி. குளிரில் அமைதியாக இருந்து, சூடாகி ஆயில் இளகிய பிறகு வலுக்கிற சத்தம் இன்னொரு ஜாதி. இரண்டாவதற்குத்தான் பயப்பட வேண்டும், அதில் பியரிங் சம்பந்தப்பட்டிருக்கலாம். ஆனால் நாம் வண்டியை ஓட்டிக்கொண்டுதான் பட்டறைக்குப் போகிறோம். அதனால் மெக்கானிக் காதில் விழுவது எப்போதும் சூடான இன்ஜின்தான். குளிரில் வருகிற சத்தத்தை அவர் கேட்கவே வாய்ப்பில்லை. இதற்கு இரண்டு வழி உண்டு. காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது பானட்டைத் திறந்து வைத்து, வேறு யாரையாவது சாவி போடச் சொல்லி, சத்தம் குறையும் வரை போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். அதைவிட நல்லது, முந்தின நாள் சாயங்காலமே வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு, "காலையில நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு வருவது. சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

நான் வீடியோவைக் காட்டியதும் மெக்கானிக், "இது டேப்பட் சத்தம் சார், செட் பண்ணிடலாம்" என்றார். வால்வைத் தள்ளுகிற ராக்கருக்கும் வால்வின் தலைக்கும் நடுவில் மயிரிழை அளவுக்கு இடைவெளி விட்டிருப்பார்கள். சூட்டில் உலோகம் விரிந்தாலும் வால்வு முழுசாக மூட வேண்டும் என்பதற்காக அந்த இடைவெளி. அது அதிகமானால் ராக்கர் தட்டி டிக் டிக் என்று கேட்கும். ஹெட் இறக்கி ஏற்றிய வண்டியில் அது சரியாக வைக்கப்படாமல் இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு, ஆகவே அவர் சொன்னது நியாயமான சந்தேகம்தான். மேல் கவரைக் கழற்றி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டு, ஸ்க்ரூவைத் திருகி செட் செய்தார். கவர் கேஸ்கட்டும் சேர்த்து 1,400 ரூபாய். மறுநாள் காலை அதே டிக் டிக், கொஞ்சமும் மாறவில்லை. அடுத்தது, ஆயில் லேசாக இருக்கிறது, கெட்டியான ஆயில் போட்டால் சத்தம் அடங்கும் என்றார். ஃபில்டரோடு 1,900. ஹெட் வேலையின்போது போட்ட புது ஆயிலை, ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாததை, வடித்துக் கீழே ஊற்றினார்கள். பார்க்கவே வயிறு எரிந்தது. சத்தம் கொஞ்சம் அமுங்கினது போலத் தோன்றியது, அவ்வளவுதான். கெட்டி ஆயில் தேய்மானத்தின் சத்தத்தை மறைக்கும், எதையும் சரி செய்யாது. சத்தத்துக்கு முதல் மருந்தாக யாராவது ஆயில் கிரேடை மாற்றச் சொன்னால், வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன கிரேடு போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

நம்பிக்கை போய் வேறு பட்டறைக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்க 600 ரூபாய். பிளக் மாற்றி, இன்ஜெக்டர் கிளீனிங் செய்ய 2,300. அதற்கு அப்புறம் அங்கிருந்த தலைமை மெக்கானிக் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நுனியை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு வைத்துக் கேட்டார். மேல் கவரில் வைத்தார், பக்கவாட்டில் வைத்தார், கீழே ஆயில் பேன் பக்கம் வைத்தார். எல்லா இடத்திலும் கேட்கிறது என்றார். "ஓவர்ஹீட் ஆன வண்டி. கனெக்டிங் ராடு பியரிங் அடி வாங்கியிருக்கும். இப்படியே ஓட்டினா ராடு பிளாக்கை உடைச்சிட்டு வெளியே வந்துடும்" என்றார். இன்ஜின் அடியில் சுற்றுகிற கிராங்க் என்ற தண்டோடு பிஸ்டனை இணைப்பதுதான் அந்த ராடு. எஸ்டிமேட் 38,000. அந்த வண்டியை விற்றால்கூட அதைப் போல மூன்று மடங்கு வருமா என்பது சந்தேகம். அன்று வீட்டுக்கு ஆட்டோவில் வந்தேன். வண்டியைத் தொடவே பயமாக இருந்தது.

ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோது ஒரு விஷயம் இடித்தது. ஓவர்ஹீட் ஆன அன்றைக்கு ஒரு டிக் சத்தமும் இல்லை. அதற்கு முன்னாலும் இல்லை. பட்டறையிலிருந்து வந்த மறுநாள்தான் ஆரம்பித்தது. அப்படியென்றால் அந்த வேலையில் கை வைத்த இடங்களை முதலில் பார்க்காமல், கையே வைக்காத கிராங்க் பக்கம் ஏன் போக வேண்டும்? ஹெட்டை இறக்க என்னென்ன கழற்ற வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினேன். பெல்ட், அதன் கவர், மேல் கவர், ஏர் ஃபில்டர் குழாய், இன்டேக் மேனிஃபோல்டு (காற்று உள்ளே போகிற குழாய்), எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகை வெளியே போகிற குழாய்), தண்ணீர் ஹோஸ்கள், வயர் கனெக்டர்கள். இதில் மேல் கவருக்குள் இருக்கிற டேப்பட்டைப் பார்த்தாகிவிட்டது. மற்றவற்றை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரிப்பேருக்குப் பிறகு வந்த சத்தத்துக்கு இந்தத் தாள்தான் முதல் கருவி. பில்லையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதைக் கழற்றினார்கள், எதை மாற்றினார்கள், எதைப் பழையதையே மாட்டினார்கள் என்று எழுதுங்கள். சந்தேகம் தானாகவே நாலைந்து இடத்துக்குள் சுருங்கிவிடும். சில சமயம் பழைய தேய்மானமும் இதே நேரத்தில் கிளம்பலாம், மறுக்கவில்லை. ஆனால் முதலில் செலவில்லாத இடத்தைப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

அடுத்து நான் செய்தது ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் டியூப் தேடியது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற டியூப்தான். ஒரு முனை காதில், இன்னொரு முனை இன்ஜின் பக்கம். ஸ்க்ரூ டிரைவருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஸ்க்ரூ டிரைவர் உலோகத்தின் வழியாக வருகிற அதிர்வைக் காதுக்குக் கொண்டுவரும். ஹெட்டில் எங்கே தட்டினாலும் ஹெட் முழுக்க அதிரும், அதனால் எல்லா இடத்திலும் கேட்டது என்று அவர் சொன்னது பொய் இல்லை. டியூப் காற்றில் வருகிற சத்தத்தை மட்டும் பிடிக்கும், முனையை ஒரு அங்குலம் நகர்த்தினால்கூட வித்தியாசம் தெரியும். டியூபை மேல் கவர் பக்கம் கொண்டுபோனால் சத்தம் சுமார்தான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மூடியிருக்கிற தகர ஷீல்டின் ஓரம், கியர்பாக்ஸ் பக்கக் கோடியில் வைத்ததும் காதில் அறைந்தது போல டிக், டிக். சத்தத்தோடு லேசாக 'ஃபுஸ்' என்று, புகை கசிவது போல ஒரு வால் இருந்தது. இதைச் செய்கிறவர்கள் துண்டு, துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கையெல்லாம் எடுத்துவிட்டுச் செய்யுங்கள். பெல்ட் சுற்றிக்கொண்டிருக்கும், ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் ஓட ஆரம்பிக்கும்.

டேப்பட்டையும் புகைக் கசிவையும் கைதேர்ந்தவர்களே ஏன் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது அப்புறம்தான் புரிந்தது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஒரு தடவை திறந்து மூடும். ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொண்டால், இடைவெளி அதிகமான ஒரு வால்வு 450 தடவை தட்டும். அதே சிலிண்டரிலிருந்து புகை வெளியே தள்ளப்படுவதும் நிமிடத்துக்கு அதே 450 தடவைதான். தாளம் ஒன்று, இடமும் கிட்டத்தட்ட ஒன்று. காதை மட்டும் நம்பினால் பிரிக்க முடியாது. பிரிக்க ஒரு சோதனை இருக்கிறது. இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டரின் கனெக்டரை மட்டும் கழற்றினால் அந்த சிலிண்டர் வேலை செய்யாது, வண்டி குலுங்கும். சத்தம் அப்படியே இருந்தால் டேப்பட் போன்ற சமாச்சாரம், ஏனென்றால் எரிந்தாலும் எரியாவிட்டாலும் வால்வு தட்டிக்கொண்டுதான் இருக்கும். சத்தம் நன்றாகக் குறைந்தால் அந்த சிலிண்டரின் அழுத்தத்தோடு சம்பந்தப்பட்டது, அதாவது புகைக் கசிவு அல்லது ராடு பியரிங். இந்த இரண்டையும் பிரிக்க, நான் முன்னால் சொன்ன குளிர், சூடு கணக்கு போதும். கசிவு என்றால் சூட்டில் உலோகம் விரிந்து இடுக்கு அடைபட்டுச் சத்தம் குறையும். பியரிங் என்றால் சூட்டில் ஆயில் இளகி அதிகமாகும், சத்தமும் மெல்லிய டிக்காக இல்லாமல் அடியிலிருந்து கனமாக டொக் டொக் என்று வரும், இழுவை கொடுக்கும்போது வலுக்கும். கனெக்டரைக் கழற்றினால் இன்ஜின் லைட் எரியும், பயப்பட வேண்டாம். பிளக் வயரை மட்டும் ஓடுகிற வண்டியில் உருவாதீர்கள். ஷாக் அடிக்கும், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதையும் கெடுக்கும்.

பியரிங் என்று யாராவது சொன்னால் இன்னொன்றையும் கேளுங்கள். ஆயில் பிரஷர் பார்த்தீர்களா? ஆயில் லைட்டுக்கான சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் முள் வைத்த கேஜை மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங்கிலும் ரேஸ் செய்தும் பார்ப்பது. ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐயாவது (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அளவு) இருக்க வேண்டும் என்பது பட்டறைகளில் புழங்குகிற பொதுவான கணக்கு. வண்டிக்கு வண்டி சரியான அளவு மாறும், சர்வீஸ் மேனுவலில் இருக்கும். 38,000 ரூபாய் எஸ்டிமேட் எழுதியவர் இந்தச் சோதனையைச் செய்யவே இல்லை. நான் கேட்டதற்கு, "எங்க அனுபவத்துல தெரியும் சார்" என்றார். அனுபவம் இருக்கட்டும், கேஜ் எங்கே?

மேனிஃபோல்டுதான் என்று சந்தேகம் வந்த பிறகு நான் மறுபடியும் கார் மெக்கானிக்கிடம் போகவில்லை. அரியமங்கலம் பக்கம் சைலன்சர் வெல்டிங் செய்கிற ஒரு பெரியவரிடம் ராத்திரியே வண்டியை விட்டுவிட்டு வந்தேன். காலையில் நான் போனபோது டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி" என்றார். பண்ணினேன். கிளாஸைக் கீழேகூட வைக்கவில்லை. "புகை அடிக்குது" என்றார். ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட்டைச் சுருட்டி சைலன்சர் வாயில் இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடித்தார். பானட்டுக்குள் டிக் டிக் என்று இருந்தது சட்டென்று டப் டப் என்று ஓங்கி, ஃபுஸ் ஃபுஸ் என்று காற்றும் சேர்ந்து கேட்டது. பின்னால் போக வழியில்லாத புகை முன்னால் இருக்கிற ஓட்டை வழியாகப் பாய்கிறது. டேப்பட் சத்தமாக இருந்தால் இப்படிச் செய்வதால் எந்த மாற்றமும் வராது. செய்து பார்ப்பவர்கள் திறந்தவெளியில், வண்டி குளிர்ந்திருக்கும்போது, பக்கவாட்டில் நின்றுகொண்டு செய்யுங்கள். அதிக நேரம் அடைக்கக் கூடாது.

இன்ஜினை நிறுத்திவிட்டு, ஷீல்டைக் கழற்றி எடுத்தார். கோடியில் இருந்த போர்ட்டை (ஹெட்டிலிருந்து புகை வெளியேறும் துளை) சுற்றி ஹெட்டின் அலுமினியத்தின்மேல் விரல் அகலத்துக்குக் கருப்பாகப் புகைக்கரி படிந்திருந்தது. மற்ற இரண்டு போர்ட்டும் சுத்தமாக இருந்தன. சைலன்சர் வழியாகக் கம்ப்ரஸர் காற்றை லேசாக விட்டு, சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். அந்தக் கரி இருந்த இடத்தில் மட்டும் நுரை பொங்கிக்கொண்டு வந்தது. அதற்கு நேர் மேலே நட்டு இருக்க வேண்டிய இடம் காலி. அந்த நட்டு மாட்டுகிற மரைத்தண்டான ஸ்டட் உடைந்து, பாதி ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. பல வருட சூட்டில் துரு ஏறிய மேனிஃபோல்டு ஸ்டட்டைக் கழற்றும்போது உடைவது சகஜம்தான். உடைந்ததை எடுக்காமல், மிச்சம் இருந்த நட்டுகளை மட்டும் இறுக்கி, மேலே ஷீல்டை மூடி அனுப்பிவிட்டார்கள். ஹெட் லேத்துக்குப் போய் வந்தபோது ஸ்டட்டைக் கையோடு எடுத்திருந்தால் கூடுதலாக ஐம்பதோ நூறோ ஆகியிருக்கும்.

பெரியவர் மேனிஃபோல்டைக் கழற்றினார். உள்ளே இருந்த கேஸ்கட் பழையது, ஒரு பக்கம் அரித்துப்போயிருந்தது. உடைந்த ஸ்டட்டின் தலையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து, அந்தச் சூட்டோடு ஸ்பேனர் போட்டு மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துக் கழற்றி எடுத்த வித்தையை அரை மணி நேரம் நின்று பார்த்தேன். அலுமினிய ஹெட், மரை போனால் வேறு வேலை ஆகிவிடும். ஆள் அவசரமே படவில்லை. புது கேஸ்கட் 180, ஸ்டட்டும் நட்டுகளும் 120, கூலி 600. நட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் இறுக்காமல் சுற்றுச் சுற்றாக இறுக்கினார். ஸ்டார்ட் செய்தால் இன்ஜெக்டரின் மெல்லிய கிளிக் சத்தம் மட்டும்தான். அது எப்போதும் இருப்பது. அந்த நிமிடம் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

கசிவு வெறும் சத்தத்தோடு போகிற விஷயம் இல்லை என்பதையும் அவர்தான் சொன்னார். "மைலேஜ் குறைஞ்சிருக்குமே?" என்றார். குறைந்திருந்தது. லிட்டருக்கு 18 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 15-க்கு இறங்கியிருந்தது, ஏசி போட்டதால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை புகை வெளியே தள்ளப்பட்ட பிறகும், அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று கொஞ்சம் உள்ளே இழுக்கப்படும். அதில் இருக்கிற ஆக்சிஜனை சென்சார் பார்த்துவிட்டு, பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோல் ஊற்றும். இன்னொன்று இதைவிடப் பெரியது. பானட்டுக்குள் கசிகிற புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. சிக்னலில் நிற்கும்போது ஏசி வெளிக்காற்றை இழுக்கும் நிலையில் இருந்தால் அது நேராக உள்ளே வரும். புகை நாற்றம் வந்தாலோ, காரணமில்லாமல் தலை வலித்தாலோ கண்ணாடியை இறக்கிவிட்டு முதலில் வண்டியை விட்டு இறங்குங்கள். என் பிள்ளை பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வந்த பயணங்களை நினைத்தால் இப்போதும் திக்கென்று இருக்கிறது.

உடைந்த ஸ்டட்டையும் அரித்த கேஸ்கட்டையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு முதல் பட்டறைக்குப் போனேன். "பழைய வண்டி சார், ஸ்டட் உடைஞ்சா நான் என்ன பண்றது" என்றார். நான் பில்லை எடுத்து நீட்டினேன். அதில் 'முழு கேஸ்கட் செட்' என்று எழுதி அதற்குப் பணமும் வாங்கியிருக்கிறார். முழு செட் என்றால் அதற்குள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட்டும் வரும். செட்டில் வந்த புதுசு எங்கே போனது, பழையது ஏன் என் வண்டியில் இருந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் டேப்பட் செட் செய்த கூலி என்று கணக்குச் சொல்லி 1,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தார். ஆயிலுக்குத் தர முடியாது என்றுவிட்டார். சண்டை போடாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். கையில் பில்லும் பழைய சாமானும் இல்லாமல் போயிருந்தால் அந்த ஆயிரமும் வந்திருக்காது. ஆகவே பெரிய வேலைக்கு வண்டியை விடும்போதே, மாற்றுகிற ஒவ்வொரு சாமானின் பழையதும் எனக்கு வேண்டும், கேஸ்கட் செட்டின் காலி அட்டையும் மிச்சமும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஹெட் லேத்துக்குப் போகும் முன்னால் ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்து, ஸ்டட்டெல்லாம் முழுசாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.

ஹெட் வேலைக்குப் பிறகு வருகிற மற்ற சத்தங்களையும் அலைந்த அலைச்சலில் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலப்பது கூலன்ட்டில் காற்று அடைபட்டிருப்பதால். காற்று எடுத்து நிரப்பினால் போய்விடும், விட்டுவிட்டால் மறுபடியும் ஓவர்ஹீட். சுற்று ஏற ஏற ஊளையிடுவது போல வந்தால் டைமிங் பெல்ட்டையோ வெளி பெல்ட்டையோ அளவுக்கு மீறி இறுக்கியிருக்கலாம், அல்லது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரின் பியரிங் போயிருக்கலாம். வெளி பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த இன்ஜினை அரை நிமிடம் மட்டும் ஓட விட்டால் ஆல்டர்னேட்டர் பக்கமா இல்லையா என்று தெரிந்துவிடும். தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில் சுற்றுகிற வண்டிகளில் அதற்கு மேல் ஓட விடக் கூடாது. ஏற்றத்தில் இழுக்கும்போது மட்டும் கிணுகிணுவென்று வந்தால், ஃபேசிங்கில் ஹெட் மெலிந்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) கூடியதால் வருகிற நாக்கிங்காக, அதாவது பெட்ரோல் தாறுமாறாக எரிகிற சத்தமாக இருக்கலாம். உடனே கேட்டுவிடுங்கள், தள்ளிப்போட்டால் பிஸ்டனுக்குக் கெடுதல். ஆயில் லைட் எரிந்துகொண்டு சத்தமும் வந்தால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்தி, கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

அன்று நான் கிளம்பும்போது பெரியவர், ஒரு வாரம் ஓட்டிவிட்டு, வண்டி நன்றாக ஆறிய பிறகு கொண்டுவந்தால் மேனிஃபோல்டு நட்டுகளை இன்னொரு தடவை டைட் வைத்துத் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம் என்றார். புது கேஸ்கட் சூட்டில் கொஞ்சம் அமுங்குமாம். கொண்டுபோனேன். நடுவில் இருந்த நட்டு கால் சுற்று உள்ளே போனது, மற்றவை அசையவில்லை.